பொருத்தமான கைகள்

வேலை மறுக்கப்பட்டதை அநியாயம் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. வேலை கொடுக்கப்பட்டதை அநியாயம் என்று சொல்ல முடியுமா? அமெரிக்காவில் லத்தீனோக்கள் வேலை தேடிப் போகும்போது நடப்பதைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். மெக்ஸிகோ, ப்யூர்ட்டோ ரிக்கோ, க்யூபா, மத்திய, தென் அமெரிக்க நாடுகள் என்று எங்கெங்கோ வேர் உள்ளவர்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வைத்த பெயர் அது. படிக்கப் படிக்க, இந்த இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் கேள்விக்குச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்பதற்குக்கூட ஓர் இடம் இல்லை.

1942-ல் அமெரிக்காவும் மெக்ஸிகோவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. யுத்தத்தினால் வயல்களில் ஆள் பற்றாக்குறை. மெக்ஸிகோவிலிருந்து விவசாயக் கூலிகளைத் தற்காலிகமாக வரவழைப்பதென்று ஏற்பாடு. அவர்களுக்கு 'ப்ராஸேரோ' என்று பெயர். 'ப்ராஸோ' என்றால் ஸ்பானிய மொழியில் கை, புஜம். யுத்தம் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை. 1964 வரை நீடித்து மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. எல்லாம் ஆண்களோடு. ஆள் எடுக்கும் மையங்களில் வரிசையில் நின்றவர்களின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். காய்த்துப் போயிருந்தால் விவசாயி, தேறினான். மிருதுவாக இருந்தால் பட்டணத்துக்காரன், போகலாம். 1956-ல் லெனர்ட் நாடெல் என்ற புகைப்படக்காரர் இந்த மையங்களைப் படமெடுத்திருக்கிறார். வரிசை, பரிசோதனை, மேலே டி.டி.டி. தூள் தெளிப்பு என்று அந்தப் படங்கள் போகின்றன.

இதில் என்ன தப்பு என்று ஒருவர் கேட்கலாம். வயல் வேலைக்கு ஆள் எடுக்கிறவன் கையைத்தான் பார்ப்பான். நியாயமான கேள்வி. ஆனால் கையைப் பார்த்தபோது அந்த மனிதனிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். கை பேசிவிட்டது, ஆகவே அவன் பேசவேண்டியதில்லை. காய்ப்பு என்பது அவன் இதுவரை என்ன செய்தான் என்பதன் தடயம். அதையே அவன் இனி என்ன செய்யத் தக்கவன் என்பதற்கு உத்தரவாகப் படிக்கிறார்கள். வாழ்ந்த விதத்தின் தழும்பு தகுதிச் சான்றிதழாகிவிடுகிறது. அந்தச் சான்றிதழ் இன்னும் அதிகத் தழும்புகளைப் பெற்றுத் தரும்.

இதிலிருந்து அடுத்த படிக்கு அதிக தூரமில்லை. கலிஃபோர்னியா வயல்களில் 'எல் கோர்ட்டித்தோ' என்று ஒரு மண்வெட்டி இருந்தது. கட்டைப்பிடி. அதைக் கொண்டு களை எடுப்பவன் நாள் முழுக்க இடுப்பை மடித்தே நிற்கவேண்டும். 1965 முதல் 1971 வரை அந்த மாநிலத்தின் செனட்டராக இருந்த முன்னாள் நடிகர் ஜார்ஜ் மர்ஃபி, மெக்ஸிகோக்காரர்கள் தரைக்குப் பக்கமாகவே படைக்கப்பட்டவர்கள், குனிவது அவர்களுக்குச் சுலபம் என்ற அர்த்தத்தில் சொன்னதாகப் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. 1975-ல் அந்த மண்வெட்டி சட்டப்படி தடை செய்யப்பட்டது. முதுகெலும்பு தேய்ந்தவர்கள் டாக்டர்களோடு வந்து சாட்சி சொன்ன பிறகு. மர்ஃபியின் பேச்சை முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம். எனக்கு அது முட்டாள்தனமாகத் தோன்றவில்லை. மிகவும் சௌகரியமான ஓர் இடமாற்றம் அதில் நடந்திருக்கிறது. கருவியின் கொடுமை உடம்பின் இயல்பாகிவிட்டது. பிடியை நீட்டவேண்டியதில்லை, ஆள் குட்டை என்று சொன்னால் போதும். அதுவும் திட்டாக அல்ல, பாராட்டாக.

*

நாம் 'வார்ப்பு' என்று சொல்கிற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துகளைக் கோத்து முடித்த பக்கத்தின்மேல் அச்செடுத்து, அதில் ஈயத்தை ஊற்றி ஒரே தகடாக வார்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் அடிக்கலாம். சௌகரியம் என்னவென்றால் மறுபடி எழுத்துக் கோக்கவேண்டியதில்லை. அசௌகரியம், ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அதை மட்டும் பிடுங்கி மாற்ற முடியாது. 1922-ல் வால்ட்டர் லிப்மன் இந்தச் சொல்லை எடுத்து மனிதர்களைப் பற்றிய நம் மனச் சித்திரங்களுக்குப் பொருத்தினார். பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஸார்த்ர் யூத வெறுப்பைப் பற்றி எழுதியபோது ஏறக்குறைய இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தார்: அனுபவத்திலிருந்து எண்ணம் பிறப்பதில்லை, எண்ணம்தான் அனுபவத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது என்று.

இனி, மூடின கதவைப் பார்ப்போம்.

1986-ல் அமெரிக்காவில் ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. உரிய அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை. விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான்: தொல்லை எதற்கென்று, அனுமதி இருப்பவரையும் சேர்த்து ஒதுக்க ஆரம்பித்தார்கள். பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1990-ல் கொடுத்த அறிக்கையின்படி, விசாரிக்கப்பட்ட முதலாளிகளில் 19 சதவீதம் பேர் இந்தச் சட்டம் வந்தபிறகு ஏதோ ஒருவகைப் பாரபட்சத்தை ஆரம்பித்ததாகத் தாங்களே சொல்லியிருந்தார்கள். அதே அலுவலகத்துக்காக அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 1989-ல் சிகாகோவிலும் சான் டியேகோவிலும் ஒரு சோதனை செய்தது. வயது, படிப்பு, உடை, பேசும் தோரணை எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி இரண்டிரண்டு வாலிபர்களைத் தயார் செய்தார்கள். ஒருவன் வெள்ளையன், இன்னொருவன் லத்தீனோ. பத்திரிகை விளம்பரம் பார்த்து இருவரும் ஒரே வேலைக்குப் போவார்கள். சுமார் 360 வேலைகள். வெள்ளையர்களுக்கு 33 சதவீதம் கூடுதலாக இண்டர்வியூ கிடைத்தது, 52 சதவீதம் கூடுதலாக வேலை கிடைத்தது.

எண்களை விட அந்த முறைதான் என்னை யோசிக்க வைக்கிறது. இரட்டையர்களை உற்பத்தி செய்தால்தான் இந்த அநியாயம் கண்ணுக்குத் தெரிகிறது. நிஜத்தில் வேலை தேடிப் போகிறவனுக்கு இரட்டையன் கிடையாது. அவன் தனியாகப் போகிறான். சொல்லியனுப்புகிறோம் என்கிறார்கள். டெலிபோன் மணி அடிப்பதில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து தன் சட்டையை நினைத்துக்கொள்கிறான். அன்று கேட்ட ஒரு கேள்விக்குத் திணறியதை நினைத்துக்கொள்கிறான். ஒருவேளை உண்மையிலேயே சட்டைதான் காரணமாகவும் இருக்கலாம். அவனால் தெரிந்துகொள்ள முடியாது. மற்ற அநியாயங்களில் அடிபட்டவன்தான் முதல் சாட்சி. அடி விழுந்தது அவனுக்குத் தெரியும். இங்கே அடிபட்டவன் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறான், அல்லது தெரிந்துகொள்ளாமலே போகிறான். அடித்தவனுக்கும் தெரியாது. அவன் அன்றைக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தான், அதற்கு அவனிடம் காரணமும் இருந்தது. ஒவ்வொரு தீர்மானமும் தனித்தனியே நேர்மையாகத் தோன்றுகிறது. 360-ஐயும் ஒரு தாளில் எழுதிக் கூட்டும்போதுதான் அசிங்கம் வெளியே வருகிறது. மனச்சாட்சியை நம்பிக் கட்டப்பட்ட ஒழுக்கவியல் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கவேண்டியதுதான். மனச்சாட்சிக்குக் கூட்டல் தெரியாது.

இரண்டு மனிதர்களைச் சகல விதத்திலும் சமமாக்க முடியுமா என்று ஹெக்மன் போன்ற பொருளியல்காரர்கள் இந்த முறையைக் கண்டித்திருக்கிறார்கள். கண்டிப்பு சரிதான். முடியாது. ஆனால் அந்த முடியாமைதான் வேலை தேடுகிறவனின் அன்றாட நிலைமை என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

2004-ல் நியூயார்க்கில் டெவா பேஜர் என்ற சமூகவியல் ஆய்வாளரும் அவர் சகாக்களும் இன்னும் கறாராக ஒரு சோதனை செய்தார்கள். 340 முதலாளிகள். வெள்ளையன், லத்தீனோ, கறுப்பன் என்று மூன்று பேர் கொண்ட குழுக்கள். லத்தீனோ வாலிபர்கள் ப்யூர்ட்டோ ரிக்கோ வம்சத்தவர். அதாவது பிறவியிலேயே அமெரிக்கப் பிரஜைகள். 1917-லிருந்தே அந்தத் தீவினருக்குக் குடியுரிமை உண்டு. பேச்சில் ஸ்பானிய ஓசை இல்லை. ஸ்பானிய மொழி தெரியும் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நூற்றுக்கு வெள்ளையனுக்கு 31 தடவை, லத்தீனோவுக்கு 25 தடவை, கறுப்பனுக்கு 15 தடவை அழைப்போ வேலையோ கிடைத்தது. இன்னொரு குழுவில் வெள்ளையன் மட்டும் சிறையிலிருந்து வந்தவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டான். அவனுக்கும், எந்தக் குற்றமும் இல்லாத லத்தீனோவுக்கும் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றே.

அந்த ஆய்வில் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் ஒரு சமாசாரம் உண்டு. வேலை மறுக்காமல், கேட்ட வேலைக்குப் பதில் வேறு வேலைக்கு ஆளை நகர்த்துவது. கறுப்பர்களும் லத்தீனோக்களும் கீழே நகர்த்தப்பட்டார்கள், வாடிக்கையாளர் முகம் பார்க்காத வேலைகளுக்கு. வெள்ளையன் சில சமயம் கேட்டதைவிட மேலான வேலைக்கு நகர்த்தப்பட்டான். இது நடந்த இடங்கள் குறைவுதான். ஆனால் இங்கேதான் என் இரண்டாவது கேள்வி தலை நீட்டுகிறது. கீழே நகர்த்தப்பட்டவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. புகார் சொல்ல அவனிடம் எதுவுமில்லை.

இன்னொன்று. இந்த இரண்டு சோதனைகளிலும் அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். சோதனையைச் சிக்கலாக்காமலிருக்க அப்படிச் செய்வார்கள், புரிகிறது. ஆனால் பெண்ணைச் சேர்த்தால் சிக்கலாகும் என்பதே ஒரு தகவல் இல்லையா? லத்தீனோ என்ற வார்ப்பு ஒன்றல்ல. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முகங்கள். ஆண் முன்கோபி, பெண் மேலதிகாரிக்கு அடங்காதவன். அதே மூச்சில், எத்தனை சுமை ஏற்றினாலும் முனகாத மாடு. பெண் சாது, பிள்ளை பெறுகிறவள், குழந்தைகளிடம் பிரியமானவள். சினிமாவில் வந்தால் எரிமலை. தேவைக்கு ஏற்ற முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். முரண் இருப்பது வார்ப்பின் பலவீனம் அல்ல, பலம்.

*

சான் அன்டோனியோவில் 1969-ல் ஒரு பெண் தையல் வேலைக்கு ஃபாரா என்ற கால்சட்டைக் கம்பெனியில் விண்ணப்பித்தார். மெக்ஸிகோ பிரஜை, சட்டப்படி அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர், கணவர் அமெரிக்கப் பிரஜை. பிரஜைகளுக்கு மட்டுமே வேலை என்று கம்பெனி மறுத்தது. 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் ஆகியவற்றின் பேரில் வேலையில் பாரபட்சம் கூடாது என்கிறது. எஸ்பினோஸா வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1973 நவம்பரில் தீர்ப்பு: பிரஜையா இல்லையா என்பது வேறு, எந்த தேசத்து வம்சம் என்பது வேறு, கம்பெனி செய்தது சட்டப்படி குற்றமல்ல. எழுதியவர் தர்குட் மார்ஷல், அந்தக் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதி. வில்லியம் டக்ளஸ் ஒருவர்தான் மாறுபட்டார்.

மார்ஷல் காட்டிய காரணங்களில் ஒன்று எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. கம்பெனியின் சான் அன்டோனியோ பிரிவில் வேலை செய்பவர்களில் 96 சதவீதத்துக்கு மேல் மெக்ஸிகோ வம்சத்தினர். அந்தப் பெண் கேட்ட வேலையில் 97 சதவீதம். மெக்ஸிகோ வம்சத்தவர்மேல் வெறுப்புள்ள கம்பெனி இப்படிச் செய்யுமா? கேள்வியில் தர்க்கப்பிழை இல்லை. ஆனால் 97 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து, பாரபட்சம் இல்லை என்று எப்படிச் சமாதானமடைகிறோம்? ஒரு வேலையில் நூற்றுக்கு 97 பேர் ஒரே வம்சம் என்றால் அந்த வேலைக்கு யாரோ ஒரு முகத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றல்லவா சந்தேகப்பட வேண்டும்? மெக்ஸிகோக்காரி தைப்பாள், விரல் வேகம், வாய் திறக்கமாட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். சட்டத்தின் கண்ணுக்கு மூடின கதவு தெரியும். திறந்த கதவு எந்த அறைக்குள் திறக்கிறது என்பது தெரியாது.

வேடிக்கை, அல்லது வேடிக்கையே அல்ல: தீர்ப்பு வெளியான அந்த நவம்பரில் அதே ஃபாரா கம்பெனியின் சான் அன்டோனியோ, எல் பாஸோ தொழிலாளர்கள் சுமார் 4000 பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சப் பெண்கள். 1972 மே மாதம் ஆரம்பித்த நிறுத்தம் 1974 தொடக்கத்தில் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரித்த பிறகுதான் முடிந்தது. உற்பத்திக் கணக்கின் நெருக்கடி, சம்பளம், பிரசவத்துக்குப் போனால் இழக்கும் பணிமூப்பு இவையெல்லாம் அவர்கள் குறைகள். நாடு முழுக்க ஃபாரா கால்சட்டைகளை வாங்காதீர்கள் என்று இயக்கம் நடந்தது. சாது என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் மறியலில் நின்றார்கள்.

வார்ப்பு ஓர் அனுமானமாக இருந்திருந்தால் அன்றே உடைந்திருக்கவேண்டும். உடையவில்லை. எதிர்ச்சாட்சியைக் கண்டு பின்வாங்குவது அனுமானத்தின் குணம். வார்ப்பு எதிர்ச்சாட்சியை விழுங்கிக்கொள்ளும்: இவர்கள் கெட்டுப்போனவர்கள், அல்லது வெளியாள் கெடுத்துவிட்டான், அடுத்த ஊரில் இன்னும் கெடாதவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இன்னொரு இடத்திலும் இடம் கொடுத்திருக்கிறது. அந்த 1964 சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. மதம், பால், தேசிய மூலம் ஆகியவை ஒரு தொழிலுக்கு உண்மையிலேயே இன்றியமையாத தகுதியாக இருந்தால் அதன்படி ஆள் எடுக்கலாம். இனத்துக்கு இந்த விலக்கு இல்லை. கறுப்பர் என்பது ஒரு வேலைக்குத் தகுதியாக முடியாது என்று தீர்மானித்த அதே கைகள், பெண் என்பதும் மெக்ஸிகோக்காரி என்பதும் தகுதியாகலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்து வைத்தன. கோர்ட்டுகள் அந்த இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன என்பது உண்மை. விமானத்தில் பயணிகள் பணிப்பெண்களையே விரும்புகிறார்கள், ஆகவே ஆண் வேண்டாம் என்ற பான் அமெரிக்கன் கம்பெனியின் வாதத்தை 1971-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் ஒன்று ஏற்கவில்லை.

ஆனால் அதே கோர்ட் 1980-ல் கொடுத்த ஒரு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். டெக்ஸாஸில், மெக்ஸிகோ எல்லையில் ப்ரவுன்ஸ்வில். ஒரு மரக்கடை. அங்கே ஒரு விற்பனையாளர் இரண்டு மொழியும் தெரிந்தவர். ஸ்பானிய மொழி பேசும் வாடிக்கையாளர்கள் நிறைய என்பதால் அதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவர். கடையின் விதி: ஸ்பானிய வாடிக்கையாளரிடம் தவிர வேறு யாரிடமும் வேலை நேரத்தில் ஸ்பானிய மொழி கூடாது. சக ஊழியர் ஒருவர் கேட்டதற்கு அவர் ஸ்பானிய மொழியில் பதில் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் பேசுவது கஷ்டமில்லை, விருப்பப்பட்டு மீறினார், ஆகவே பாரபட்சம் இல்லை என்றது கோர்ட். அவருடைய நாக்குக்குக் கடை சம்பளம் கொடுத்தது. அந்த நாக்கு அவருடையது என்று அவர் நினைத்துக்கொண்டதுதான் தவறு.

*

பொருளியல்காரர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கேரி பெக்கர் 1957-ல் பாரபட்சத்தை ஒரு ருசி என்றார்: சிலருக்குச் சிலரைப் பிடிக்காது, அதற்கு விலை கொடுக்கவும் தயார். 1972-ல் எட்மண்ட் ஃபெல்ப்ஸ், ருசியே தேவையில்லை என்று காட்டினார். தனி ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளச் செலவாகும்; கூட்டத்தின் சராசரி இலவசம்; முதலாளி சராசரியைப் பார்த்து முடிவு செய்கிறான். வெறுப்பில்லை, கணக்குத்தான். கென்னத் ஆரோ அடுத்த வருஷமே அந்தக் கணக்கில் உள்ள வளையத்தையும் காட்டிவிட்டார். இவர்கள் முன்னேறமாட்டார்கள் என்று வாய்ப்பை மறுத்தால், முன்னேறத் தயார் செய்துகொள்வதில் பிரயோஜனமில்லை என்று அவர்கள் விட்டுவிடுவார்கள், நம்பிக்கை உண்மையாகிவிடும். ஹோட்டலில் அறை கூட்டுகிறவர்களில் பெரும்பகுதி யார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த வேலைக்கு அவர்கள்தான் லாயக்கு என்று சொல்கிறவன், தான் நட்ட மரத்தைக் காட்டி இது காடு என்கிறான்.

வளையத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், வார்ப்பு பொய் என்பதால்தான் தப்பு என்றாகிவிடும். சராசரி நிஜமாகவே சரியாக இருந்தால்?

நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். சில வருஷங்களுக்கு முன், கிராமக் கிளை ஒன்றில் இருந்தபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் பணம் எடுக்கச் சீட்டை நீட்டினார். நூறு நாள் வேலைக் கூலி. சேலையையும் காலையும் பார்த்தேன், கை தானாக மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளியது. அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றில் கட்டியிருந்த பேனாவை எடுத்துத் தன் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினார். "எழுதத் தெரியும் தம்பி" என்றார். கோபமில்லை. அந்தக் கிளையில் அந்த வயதுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் கைநாட்டுத்தான். என் சராசரியில் பிழையில்லை. கெட்ட எண்ணமும் இல்லை, உதவிதான் செய்தேன். வரிசையும் நீளம். அடுத்த தடவை அவர் வந்தபோது ஞாபகமாகப் பேனாவை நீட்டினேன். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு மறுபடி மைப்பெட்டி.

கேட்டிருந்தால் ஒரு விநாடி. கேட்பதற்கு முன்பே பதிலைத் தெரிந்து வைத்திருந்தேன் என்பதுதான் நான் அவருக்குச் செய்தது. அது பொய்யாக இருந்ததால் தப்பாகவில்லை. பின்னால் நின்ற பெண் கைநாட்டுக்காரியாகவே இருந்தாலும் அவரிடமும் நான் கேட்கவில்லை.

இது சின்ன விஷயம். மைப்பெட்டியால் யாருக்கும் வருமானம் போகவில்லை. வேலை கேட்டு வந்தவளிடம் இதையே செய்தால் ஒரு ஆயுள் போகிறது. தன்னால் என்ன முடியும் என்று சொல்ல வந்த ஒருத்தியிடம், அது எங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, பொருத்தமான வேலையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நன்றியோடு வாங்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மறுக்கப்பட்டவனுக்காவது கோபப்பட உரிமை இருக்கிறது.

இதற்கு எதிராக எனக்கே தோன்றும் வாதங்களை மறைக்க விரும்பவில்லை. ஆள் எடுப்பது என்பதே முன்கூட்டி ஊகிப்பதுதான். பி.ஏ. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து என்னைப் பற்றி ஒருவர் ஊகித்ததால்தான் நான் பரீட்சை எழுதவே அனுமதிக்கப்பட்டேன். அதுவும் ஒரு வார்ப்புத்தானே? வித்தியாசம் எங்கே என்று கேட்டால், பட்டம் நான் செய்த ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறது, பிறப்பு பேசுவதில்லை என்று சொல்லலாம். ப்ராஸேரோவின் காய்ப்பும் அவன் செய்ததைப் பற்றித்தான் பேசியது. ஆகவே அந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. வேறு பதில் இன்னும் கிடைக்கவுமில்லை.

பாரபட்சம் குறைந்துவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பல பெரிய நகரங்களுக்கு ஸ்பானிய வம்சக் குடும்பப் பெயரோடு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. 2017-ல் பழைய சோதனைகளையெல்லாம் கூட்டிப் பார்த்த குவிலியன் குழுவினர், 1989 முதல் லத்தீனோக்களைவிட வெள்ளையர்களுக்குச் சராசரியாக 24 சதவீதம் அதிக அழைப்பு என்றும், கறுப்பர் விஷயத்தில் மாற்றமே இல்லை, லத்தீனோக்கள் விஷயத்தில் ஓரளவு குறைந்துவருவதற்கு அடையாளம் இருக்கிறது என்றும் முடிவுகட்டினார்கள். குறைந்திருந்தால் சந்தோஷம். ஆனால் தபாலில் போகும் விண்ணப்பத்துக்கு உடம்பில்லை. விண்ணப்பமே தேவைப்படாத வேலைகளில்தான், மச்சான் சொல்லி மச்சான் சேரும் சமையற்கட்டுகளிலும் துப்புரவு வேலைகளிலும், திறந்த கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் முதலாளிகளைப் பேட்டி கண்டு வால்டிங்கரும் லிக்டரும் 2003-ல் வெளியிட்ட புத்தகம் இதைத்தான் சொல்கிறது. அந்த முதலாளிகளில் பலர் லத்தீனோக் குடியேறிகளை ஒதுக்கவில்லை, விரும்பினார்கள். குறை சொல்லாமல் உழைக்கிறார்கள் என்று புகழ்ந்தார்கள். எந்தச் சோதனை இந்தப் புகழ்ச்சியை அளக்கும்?

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் சாதி ஞாபகத்துக்கு வந்திருக்கும். இதே மாதிரிப் பெயர் மாற்றி விண்ணப்பம் அனுப்பும் சோதனையை இந்தியாவில் தோரட்டும் அட்வெலும் செய்து 2007-ல் வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவு. அந்த ஒப்பீட்டை நான் இங்கே வளர்க்கப்போவதில்லை. அயலூர் அநியாயத்தை நம்மூர்ச் சொல்லால் பெயர்த்துக்கொண்டவுடன் புரிந்துவிட்டது என்ற திருப்தி வந்துவிடுகிறது. அதுவும் மைப்பெட்டியைத் தள்ளுகிற காரியம்தான்.

லூப்பே ஒன்ட்டிவெரோஸ் என்று ஒரு நடிகை இருந்தார். 2012-ல் இறந்துபோனார். எல் பாஸோவில் பிறந்தவர், கல்லூரியில் படித்தவர், நடிக்க வருமுன் சமூக சேவைத் துறையில் வேலை பார்த்தவர். சினிமாவிலும் டெலிவிஷனிலும் தான் 150 தடவையாவது வேலைக்காரியாக நடித்திருப்பதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். நடிகர் தேர்வுக்குப் போய்ச் சுத்தமான ஆங்கிலத்தில் பேசினால் அந்த வேடம் கிடைக்காது என்றும் சொன்னார். எனவே ஆங்கிலத்தை வாசலிலேயே செருப்பைப் போலக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். 1985-ல் வந்த 'தி கூனீஸ்' என்ற படத்தில் அவருக்கு ரோஸலீட்டா என்ற வேலைக்காரி வேடம். வீட்டு எஜமானி அவருக்கு வேலைகளைச் சொல்கிறாள். ரோஸலீட்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது; பக்கத்தில் ஒரு பையன் ஸ்பானிய மொழியில் பெயர்த்துச் சொல்கிறான், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக, அவள் பயந்து போகும்படி. அவர் இரண்டு மொழியும் புரிந்துகொண்டு, ஒன்று புரியாதவராக முழித்துக்கொண்டு நிற்கிறார்.